சென்னை டூ மதுரை 460 கி.மீ... பின் சீட்டில் கத்தும் பூனையை என்ன செய்வது?

பெருங்களத்தூர் வரை ஒரு மாதிரி சமாளித்துவிடலாம். அதுவரை வருவது வழக்கமான 'மியாவ்'தான். வண்டலூர் தாண்டி வண்டி வேகம் பிடித்ததும் சத்தம் மாறும். அடித்தொண்டையிலிருந்து இழுத்து இழுத்து, குழந்தை அழுவது போல ஓர் ஓலம். பரனூர் டோல்கேட்டைத் தாண்டுவதற்குள் கேரியரிலிருந்து ஒரு நாற்றமும் வர ஆரம்பித்திருக்கும். "இன்னும் நானூறு கிலோமீட்டர் இருக்கே..." என்று முன் சீட்டில் இருப்பவர் மெதுவாகச் சொல்வார். அடுத்து வரும் யோசனைதான் ஆபத்தானது: "பாவமா இருக்கு, வெளிய எடுத்து மடியில வெச்சுக்கவா?"

பூனை குறுக்கே போனால் பயணமே வேண்டாம் என்று சொன்ன ஊர் இது. இன்று பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குக் கிளம்பும் கார்களில் பூனையும் ஒரு பயணி. ஆனால் கிளம்பும் நாள் காலையில்தான் பலருக்கும் அதன் நினைவே வருகிறது. லாஃப்டில் தூசி படிந்து கிடக்கும் கேரியரை இறக்கி, கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் பூனையை இழுத்து, உள்ளே திணித்து, ஜிப்பைப் போட்டு, லிஃப்டுக்கு ஓட வேண்டியது. கையில் நாலு கீறல். பயணம் கெட்டுப்போவது நெடுஞ்சாலையில் இல்லை, இந்தப் பத்து நிமிடத்தில்தான்.

முதலில், கூட்டிக்கொண்டு போகத்தான் வேண்டுமா?

இரண்டு, மூன்று நாள் லீவு என்றால் பெரும்பாலான பூனைகளுக்கு வீட்டிலேயே இருப்பதுதான் சுகம். தினமும் இரண்டு வேளை வந்து சாப்பாடு வைத்து, தண்ணீர் மாற்றி, மணல் தட்டைச் சுத்தம் செய்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போக ஒரு நண்பரோ பக்கத்து வீட்டு அக்காவோ கிடைத்தால், பூனையை எட்டு மணி நேரம் காரில் அடைக்க வேண்டிய அவசியம் இல்லை.

அந்தக் காலத்தில் வேண்டாத பூனையைக் கோணிப்பையில் கட்டி, ஊர் எல்லை தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்கள். மறுநாள் காலையில் அது திண்ணையில் உட்கார்ந்திருந்ததாகக் கதை சொல்லாத பாட்டி கிடையாது. நாய் ஆளோடு ஒட்டும், பூனை வீட்டோடு ஒட்டும் என்பதும் அவர்கள் சொன்னதுதான். இதில் பின்பாதி சரி. முன்பாதியை மட்டும் கொஞ்சம் திருத்த வேண்டும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் 'கரன்ட் பயாலஜி' இதழில் வெளியிட்ட ஆய்வில், சோதிக்கப்பட்ட குட்டிகளில் சுமார் 64 சதவீதம் தங்களை வளர்ப்பவரிடம் பாதுகாப்பான பிணைப்பைக் காட்டின. அதாவது பூனை ஆளோடும் ஒட்டும். ஆனால் இடம் பறிபோனால், ஆள் கூடவே இருந்தாலும் அதற்குப் போதவில்லை.

வீடு மாற்றுகிறீர்கள், ஒரு மாதம் ஊரிலிருந்து வேலை பார்க்கப் போகிறீர்கள், பூனைக்குத் தினமும் மருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது, இங்கே பார்த்துக்கொள்ள ஆளே இல்லை என்றால் வேறு வழியில்லை. ரயிலில் செல்லப்பிராணிக்கான விதிகளோடு மல்லுக்கட்டுவதைவிடக் கார் எளிது. சரி, காரில்தான் போகிறோம். அப்படியானால் பூனை எதற்குப் பயப்படுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

பயம் காரைப் பார்த்து இல்லை

சோபா முனை, கதவு நிலை, லேப்டாப் மூலை, உங்கள் முழங்கால் என்று பூனை கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே திரிவது கொஞ்சுவதற்காக மட்டும் இல்லை. கன்னத்திலுள்ள சுரப்பிகளிலிருந்து தன் வாசனையைப் பூசி, 'இது பழகின இடம்' என்று குறித்துவைக்கிறது. நம்முடைய 2 பி.ஹெச்.கே. முழுக்க அதற்கு ஒரு வாசனை வரைபடம். காரில் அந்த வரைபடம் ஒரே நொடியில் காணாமல் போகிறது. பெட்ரோல், ஏர் ஃபிரெஷனர், செருப்பு, முந்தின நாள் பிரியாணி பார்சல் என்று எல்லாமே அந்நியம்.

அடுத்தது சத்தம். மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பூனைக்கு 60,000 ஹெர்ட்ஸைத் தாண்டியும் கேட்கும். நமக்கு 'சைலன்ட் கேபின்' என்று விற்கப்படும் கார் அதற்கு அப்படி இருக்க வாய்ப்பில்லை. பக்கத்தில் உரசிக்கொண்டு போகும் ஆம்னி பஸ்ஸின் ஏர் ஹாரனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மூன்றாவது, ஓடவும் முடியாது ஒளியவும் முடியாது என்ற நிலை. பயந்த பூனையின் முதல் வேலை ஒளிவது. நெதர்லாந்தில் ஒரு விலங்குக் காப்பகத்தில் புதிதாக வந்த பூனைகளை வைத்துச் செய்த ஆய்வு 2014-ல் வெளியானது. சில பூனைகளுக்கு ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி கொடுத்தார்கள், மற்றவற்றுக்குக் கொடுக்கவில்லை. பெட்டி கிடைத்த பூனைகள் புது இடத்துக்கு வேகமாகப் பழகின. அவ்வளவுதான் விஷயம். நாலு பக்கமும் கம்பி தெரியும் திறந்த கூண்டில் பூனையை உட்கார வைத்து, 'வேடிக்கை பார்த்துட்டு வரட்டும்' என்று நினைப்பது நம் ஆசை, பூனையுடையது இல்லை.

இதோடு குமட்டலும் சேரலாம். எச்சில் ஒழுகுவது, நாக்கால் உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, அடிக்கடி விழுங்குவது, பிறகு வாந்தி. காது உள்ளே இருக்கும் சமநிலை உறுப்புக்கு 'நகர்கிறோம்' என்று தெரிகிறது. கண்ணுக்குக் கேரியரின் சுவர்தான் தெரிகிறது. கொடைக்கானல் மலையேறும் பஸ்ஸில் மொபைல் பார்த்தவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும். குமட்டல் பயத்தைக் கூட்டும், பயம் குமட்டலைக் கூட்டும்.

ஆறு வாரம், ஹாலில்

கேரியர் என்றால் ஊசி. பல பூனைகளின் அனுபவத்தில் அந்தப் பெட்டிக்கு வேறு அர்த்தமே இல்லை. வருஷத்துக்கு ஒரு முறை லாஃப்டிலிருந்து இறங்கும், உள்ளே போட்டால் டாக்டர். அதைப் பார்த்ததும் ஓடாமல் என்ன செய்யும்?

இந்த அர்த்தத்தை மாற்ற முடியும். ஆஸ்திரியாவின் வியன்னாவில் நடந்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் 22 பூனைகளைக் காரில் ஏற்றி, கால்நடை மருத்துவமனைக்குப் போவது போலவே ஒத்திகை பார்த்தார்கள். பிறகு 11 பூனைகளுக்கு மட்டும் ஆறு வாரத்தில் 28 முறை கேரியர் பயிற்சி கொடுத்தார்கள். மறுபடியும் காரில் ஏற்றியபோது, பயிற்சி பெற்ற பூனைகளிடம் பதற்ற அறிகுறிகள் குறைந்திருந்தன. பயிற்சி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. பொறுமையும் தீனியும்தான்.

ஆறு வாரம் என்பதைக் காலண்டரில் வைத்துப் பாருங்கள். ஜனவரி 13 போகியன்று கிளம்புபவர் டிசம்பர் 2-ம் தேதியே ஆரம்பித்திருக்க வேண்டும். யாரும் அப்படி ஆரம்பிப்பதில்லை என்பது வேறு விஷயம். பத்து நாள்தான் இருக்கிறது என்றாலும், பத்து நாள் பயிற்சி ஒன்றும் இல்லாததைவிட மேல்.

கேரியரின் மேல்மூடியைக் கழற்றிவிட்டு, அடிப்பாகத்தை மட்டும் ஹாலில் பூனை வழக்கமாகப் படுக்கும் மூலையில் வையுங்கள். உள்ளே நீங்கள் போட்டுத் துவைக்காத டி-ஷர்ட்டையோ அது படுத்துப் பழகிய துண்டையோ விரியுங்கள். சாப்பாட்டுத் தட்டை முதலில் பக்கத்தில், அடுத்த நாள் வாசலில், அதற்கடுத்து உள்ளே. தானாகப் போய்ப் படுக்க ஆரம்பித்த பிறகுதான் மேல்மூடி. மூடி பழகிய பிறகு கதவு. முதல் நாள் ஐந்து நொடி மூடித் திறந்து ஒரு ட்ரீட். பிறகு அரை நிமிடம். பிறகு தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஒரு ரவுண்டு. பிறகு லிஃப்ட் வரை. அப்புறம் நின்றுகொண்டிருக்கும் காருக்குள், இன்ஜின் ஆஃப். இன்னொரு நாள் இன்ஜின் ஆன். பிறகு தெருமுனை வரை. ஒவ்வொரு முறையும் வீட்டுக்கே திரும்பி வர வேண்டும், திரும்பியதும் அதற்குப் பிடித்தது கிடைக்க வேண்டும்.

எப்போது அடுத்த படிக்குப் போவது? பூனையே சொல்லும். ட்ரீட்டைச் சாப்பிட்டால் ஓகே. முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள், ஒரு படி பின்னால் வாருங்கள். பயந்த பூனை சாப்பிடாது.

கேரியர் வாங்கும்போது அழகைப் பார்க்காமல் திறப்பைப் பாருங்கள். மேல் பக்கமும் திறக்கும், இரண்டாகக் கழற்றவும் முடியும் கெட்டி பிளாஸ்டிக் கேரியர்தான் நீண்ட பயணத்துக்கு வசதி. பூனை எழுந்து நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடம் வேண்டும். இன்ஸ்டாகிராமில் கலக்கும் அந்தக் கண்ணாடிக் குமிழ் வைத்த முதுகுப்பை இருக்கிறதே, அது ரீல்ஸுக்கு நன்றாக இருக்கும். எட்டு மணி நேரத்துக்கு வேண்டாம். இடம் குறைவு, வெயில் பட்டால் உள்ளே சூடு, ஒளிய வழியும் இல்லை.

மாத்திரை கொடுக்கலாமா?

கொடுக்கலாம், கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்தால். 'மயக்க மருந்து கொடுத்துக் கூட்டிட்டுப் போறது கொடுமை' என்று தயங்குபவர்கள் இருக்கிறார்கள். எட்டு மணி நேரம் நடுங்கிக்கொண்டே வருவதும் அதற்குச் சளைத்தது இல்லை.

பூனைகளின் பயணப் பதற்றத்துக்கு மருத்துவர்கள் அதிகம் எழுதுவது கபபென்டின். மனிதர்களுக்கு வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் தரப்படும் அதே மருந்துதான். 2017-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வில், 20 பூனைகளுக்கு ஒரு முறை இந்த மருந்தும் இன்னொரு முறை வெற்று கேப்சூலும் கொடுத்துப் பார்த்தார்கள். கேரியரில் வைப்பதற்கு 90 நிமிடம் முன்பு மருந்து கொடுத்த நாளில் பயணப் பதற்றம் கணிசமாகக் குறைந்தது. 2023 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., பூனைகளின் பயண, மருத்துவமனைப் பதற்றத்துக்கென்றே பிரிகேபலின் என்ற மருந்தின் திரவ வடிவத்துக்கு அனுமதி கொடுத்தது. 'பூனைக்கு என்ன பெரிய டென்ஷன்' என்று கேட்கும் மாமாவிடம் இதைச் சொல்லலாம்.

டோஸ் பூனையின் எடை, வயது, சிறுநீரக நிலையைப் பொறுத்து மாறும். அதனால் கூகுளில் பார்த்து மெடிக்கலில் வாங்கும் சமாச்சாரம் இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தாலும் பயண நாளன்றுதான் முதல் முறை கொடுப்பது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கொடுத்துப் பாருங்கள். சில பூனைகள் லேசாகத் தள்ளாடும், சில நன்றாகத் தூங்கும், அபூர்வமாகச் சில இன்னும் படபடக்கும். எது உங்கள் பூனை என்பதை உளுந்தூர்பேட்டையில் வைத்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. வாந்தி எடுக்கும் பூனை என்றால் அதையும் சொல்லுங்கள், அதற்குத் தனி மருந்து இருக்கிறது.

வீட்டு மருந்துப் பெட்டிக்குக் கையே போகக் கூடாது. நாம் பஸ் பயணத்துக்குப் போடும் வாந்தி மாத்திரை, சளி சிரப், தூக்க மாத்திரை எதுவும் பூனைக்கு இல்லை. குறிப்பாகப் பாராசிட்டமால். அதை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. நாம் சாதாரணமாக விழுங்கும் ஒரே ஒரு 500 மி.கி. மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும்.

கன்ன வாசனையைப் போலவே செயற்கையாகத் தயாரித்த பெரோமோன் ஸ்பிரேயும் கடைகளில் இருக்கிறது. சில பூனைகளிடம் பலன் தெரிகிறது, சிலவற்றிடம் ஒன்றுமே இல்லை. ஆய்வு முடிவுகளும் கலவைதான். கையில் காசு இருந்தால் முயற்சி செய்யலாம். பூனையை வைப்பதற்குப் பதினைந்து நிமிடம் முன்பே துண்டில் அடித்து உலரவிட வேண்டும். அதை மட்டும் நம்பிக் கிளம்பக் கூடாது.

கிளம்பும் நாள்

விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்புவது பூனைக்காகவும் நல்லதுதான். டிராஃபிக் இல்லை, வெயில் ஏறுவதற்குள் திருச்சியைத் தொட்டுவிடலாம். கிளம்புவதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பு கொஞ்சமாகச் சாப்பாடு. நிறைந்த வயிறு வாந்திக்கு வழி. குட்டியாக இருந்தாலோ சர்க்கரை நோய்க்கு ஊசி போடும் பூனையாக இருந்தாலோ பட்டினி நேரத்தை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேரியரை முன் சீட்டுக்குப் பின்னால், கால் வைக்கும் இடத்தில் ஆடாமல் பொருத்துவது நல்லது. சடன் பிரேக் அடித்தாலும் பறக்காது, அதிர்வும் குறைவு. அங்கே இடம் இல்லாவிட்டால் பின் சீட்டில், அந்தக் கேரியர் பெல்ட்டோடு பிணைக்கும்படி செய்யப்பட்டிருந்தால் பெல்ட் போட்டு. முன் சீட்டில் ஏர்பேக் இருப்பதால் கூடாது. டிக்கியில் சாமான்களுக்கு நடுவில் கூடவே கூடாது. மேலே மெல்லிய பருத்தித் துண்டைப் போட்டு மூன்று பக்கம் மூடிவிடுங்கள், காற்றுக்கு ஒரு பக்கம் திறந்திருக்கட்டும். பாட்டு கொஞ்சம் குறைவாக. அனிருத்தின் பேஸ் உங்களுக்குத் தூக்கம் வராமல் இருக்க உதவும்தான், ஆனால் பின்னால் இருப்பவர் கேட்கவில்லை.

கேரியருக்குள் உறிஞ்சு பேடை ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று விரித்துவிடுங்கள். மேல் பேட் நனைந்தால் அதை மட்டும் உருவிவிட்டால் போதும், அடியில் புதுசு இருக்கும். ஓடும் வண்டியில் மணல் தட்டை வைத்தாலும் பெரும்பாலான பூனைகள் போகாது, அடக்கிக்கொண்டே வரும். எட்டு, பத்து மணி நேரம் அடக்கினால் ஆரோக்கியமான பூனைக்கு ஒன்றும் ஆகிவிடாது. வண்டி நிற்கும்போது தண்ணீர் காட்டுங்கள். குடிக்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

கத்தல்? முதல் அரை மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு பல பூனைகள் மெல்ல அடங்கும். அதட்டினால் கூடும். ஒவ்வொரு மியாவுக்கும் பதறிக்கொண்டு திரும்பிப் பார்த்தாலும் கூடும். வழக்கமான குரலில் பேசிக்கொண்டே வாருங்கள், அது போதும். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கத்துகிற பூனையைவிடச் சத்தமே இல்லாமல் மூலையில் ஒடுங்கி, கண்மணி முழுக்க விரிந்து, உடம்பை இறுக்கிக்கொண்டு கிடக்கிற பூனை அதிகம் பயந்திருக்கக்கூடும். 'அப்பாடா, செட்டாயிடுச்சு' என்று முடிவு செய்வதற்கு முன் ஒரு முறை துண்டை விலக்கிப் பாருங்கள்.

விக்கிரவாண்டியில் காபி குடிக்கும் அந்தப் பத்து நிமிடம்

கத்தலும் வாந்தியும் தொல்லை. உயிருக்கே ஆபத்து என்றால் இரண்டுதான்: திறந்த கதவு, மூடிய கார்.

மடியில் எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்ற யோசனைக்கு இங்கே வருவோம். ஓடும் காரில் வெளியே விட்ட பூனை ஒளிய இடம் தேடும். காரில் அதற்குக் கிடைக்கும் இருட்டான இடம் சீட்டுக்கு அடியில், அல்லது டிரைவரின் காலடியில். பிரேக் பெடலுக்குக் கீழே ஒரு பூனை, நூறு கிலோமீட்டர் வேகம். மேலே எழுத வேண்டியதில்லை.

வண்டியை நிறுத்திவிட்டோமே, இப்போது எடுக்கலாமா? 'கும்பகோணம் டிகிரி காபி' போர்டுகள் வரிசையாக நிற்கும் அந்தச் சாலையோரத்தில்தான் பூனை தொலையும். யாரோ ஒருவர் தெரியாமல் கதவைத் திறப்பார். பூனை எந்த வீட்டில் எவ்வளவு சாதுவாக இருந்தாலும், லாரி ஹாரன் கேட்ட அந்த நொடியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. அதனால் வண்டியில் ஒரே சட்டம்: கேரியர் மூடியிருக்கிறதா என்று ஒருவர் கையால் தொட்டுப் பார்த்து 'ஓகே' சொன்ன பிறகுதான் எந்தக் கதவும் திறக்கும். அந்த 'ஓகே' சொல்லும் பொறுப்பு கிளம்பும்போதே ஒருவருக்கு என்று இருக்க வேண்டும். கேரியருக்குள்ளேயும் பூனைக்கு ஹார்னஸ் போட்டுவிடுவது கூடுதல் பாதுகாப்பு. ஆனால் அதையும் வீட்டில் பழக்கியிருக்க வேண்டும். கழுத்துப் பட்டையில் உங்கள் மொபைல் எண். மைக்ரோசிப் நல்லதுதான், ஆனால் அதைப் படிக்க ஸ்கேனர் வேண்டும்; டீக்கடைக்காரருக்குப் படிக்கத் தெரிவது போன் நம்பர்.

தப்பித் தவறித் தொலைந்துவிட்டால் தூரமாக ஓடித் தேடாதீர்கள். தொலைந்த பூனைகளைப் பற்றி 'அனிமல்ஸ்' இதழில் 2018-ல் வந்த ஆய்வில், கிடைத்த பூனைகளில் நான்கில் மூன்று பங்கு, தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்தான் இருந்தன. அவை பெரும்பாலும் வீட்டைச் சுற்றித் தொலைந்தவை என்பதால் நெடுஞ்சாலைக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் பயந்த பூனை முதலில் செய்வது பக்கத்திலேயே பதுங்குவது. நின்றிருக்கும் வண்டிகளுக்கு அடியில், கல்வெர்ட்டில், ஹோட்டலின் பின்பக்கச் சாமான் குவியலில் டார்ச் அடித்துப் பாருங்கள். கேரியரைத் திறந்து, அதன் துண்டோடு அதே இடத்தில் வைத்துவிட்டு, கூட்டத்தைக் கலைத்துவிட்டு, அமைதியாகக் காத்திருங்கள்.

இப்போது மூடிய கார். "ஏ.சி. போட்டு வந்தோம்ல, பத்து நிமிஷத்துல என்ன ஆயிடப்போவுது? கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுட்டு வா." இது எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் சொல்வதுதான். அமெரிக்காவில் நடந்து 2005-ல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளியான ஆய்வு இதைத்தான் அளந்தது. வெளியே 22 முதல் 36 டிகிரி செல்சியஸ் வரை இருந்த வெவ்வேறு நாள்களில், வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி கூடியது. அதில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டதால் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வரவில்லை. சித்திரை வெயிலில் திருச்சி 40 டிகிரியைத் தொடும் ஊர். மீதிக் கணக்கை நீங்களே போடலாம்.

பூனையின் சாதாரண உடல் வெப்பம் 38-லிருந்து 39 டிகிரி சொச்சம். 40-ஐத் தாண்டினால் ஆபத்து ஆரம்பம். நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்க அதற்கு வழியில்லை. நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இளைப்பது சாதாரணம், பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்குவது சாதாரணம் இல்லை. அது பயத்தாலும் வரலாம், வெப்பத்தாலும் வரலாம், முன்பே இருக்கும் இதய, நுரையீரல் கோளாறாலும் வரலாம். எதுவானாலும் வண்டியை ஓரங்கட்டி, ஏ.சி.யைக் கூட்டி, கேரியரின் துண்டை எடுத்துவிட்டு, அமைதியாக விடுங்கள். உடம்பு சூடாக இருந்தால் சாதாரணத் தண்ணீரில் உடம்பையும் பாதங்களையும் நனைத்துக் காற்று படவிடலாம், ஐஸ் வேண்டாம். சில நிமிடங்களில் வாய் மூடவில்லை, ஈறு வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருக்கிறது, தள்ளாடுகிறது என்றால் மதுரை காத்திருக்கட்டும், பக்கத்து ஊர் கால்நடை மருத்துவமனைக்கு விடுங்கள். விழுப்புரம், பெரம்பலூர், திருச்சி என வழியில் வரும் ஊர்களில் எங்கே எந்த நேரம் மருத்துவர் இருப்பார் என்று முந்தின நாளே விசாரித்து போனில் சேமித்துவைத்தால் அந்த நேரத்தில் தேட வேண்டியதில்லை.

அதனால் இரண்டு பேர் போனால் மாறி மாறிச் சாப்பிடுங்கள், ஒருவர் ஏ.சி. ஓடும் காரில் இருக்கட்டும். தனியாகப் போகிறவர் கேரியரைக் கையோடு எடுத்துக்கொண்டு, நிழலில் வெளியே மேஜை போட்டிருக்கும் கடையாகப் பார்ப்பதுதான் வழி. சர்வர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

இத்தனை பதற்றத்தில் பூனை கடித்தோ கீறியோவிட்டால், சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். பிறகு டாக்டரைப் பார்த்து ரேபிஸ் ஊசி தேவையா என்று கேளுங்கள். பூனையின் தடுப்பூசி அட்டை காரிலேயே இருப்பது இரண்டு பேருக்கும் நல்லது.

வாசலில் காத்திருக்கும் கூட்டம்

எட்டு மணி நேரம் தாண்டி வந்துவிட்டீர்கள். வாசலில் அம்மா, சித்தி, சித்தப்பா பிள்ளைகள் எல்லோரும் நிற்கிறார்கள். "எங்க, எங்க, வெளிய எடு பார்க்கலாம்!" அடுத்த விபரீதம் இங்கேதான் காத்திருக்கிறது. முற்றம் வைத்த வீடு, எப்போதும் திறந்திருக்கும் கொல்லைக் கதவு, தெருவில் நாலு நாய். பூனைக்கு இந்த வீடும் நெடுஞ்சாலை அளவுக்கு அந்நியம்.

ஓர் அறையை முன்பே கேட்டு வாங்கிவைத்துவிடுங்கள். ஜன்னல் அடைத்து, கதவு மூடி, முதலில் மணல் தட்டு, தண்ணீர், சாப்பாடு. வீட்டில் பயன்படுத்திய பழைய மணலில் ஒரு கை அள்ளி வந்து கலந்தால் வாசனை பழகியதாக இருக்கும். கேரியரை மூலையில் வைத்து, திறந்துவிட்டு, நீங்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள். அது வெளியே வர ஒரு மணி நேரம் ஆகலாம், ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகும் ஆகலாம். குழந்தைகளை அதுவரை நிறுத்திவைப்பது கஷ்டம்தான். "அது இன்னும் தூங்கி எழுந்திரிக்கலடா கண்ணு" என்ற பொய் வேலை செய்யும்.

முதல் நாளில் சாப்பிடாமல் இருந்தால் உடனே பதற வேண்டாம். ஆனால் 24 மணி நேரம் தாண்டியும் ஒன்றும் தொடவில்லை என்றால் டாக்டருக்கு போன் போடுங்கள். பட்டினி நீண்டால், அதிலும் குண்டுப் பூனைகளுக்கு, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து நிலைமை மோசமாகும். மணல் தட்டை அதைவிடக் கவனமாகப் பாருங்கள். பதற்றம் பூனைகளின் சிறுநீர்ப்பையைத் தாக்கும். ஆண் பூனை தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறது, ஒரு சொட்டும் வரவில்லை, கத்துகிறது என்றால் சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். 'மலச்சிக்கல் போல இருக்கு, காலைல பார்க்கலாம்' என்று விட்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டிய அவசரம் அது ஒன்று.

திரும்பி வரும் பயணத்துக்கும் இதே கதைதான். அதனால் ஊரில் இருக்கும் நாள்களிலும் கேரியரை மடித்துப் பரணில் போடாமல், அதே அறையில் திறந்தே வைத்திருங்கள். தினமும் ஒரு வேளைச் சாப்பாடு அதற்குள்ளேயே. "அந்தப் பொட்டிக்குள்ளயே கெடக்குதே, அதுக்கு ஒரு பாய் போட்டாத்தான் என்ன?" என்று அம்மா கேட்டால், திரும்பும் நாள் காலையில் கட்டிலுக்கு அடியில் டார்ச்சோடு தவழ வேண்டியிருக்காது.